அறுந்த நாணும் அதனை இணைத்த கலையும்

கண்டி நகரிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், குண்டசாலைக்கும் தெல்தெனியாவுக்கும் இடையே அமைந்துள்ளது திகன. தும்பறைப் பள்ளத்தாக்கின் இப்பகுதியிற் கோப்பியும் பின்னர்க் கொக்கோவும் பயிரிடப்பட்டன. சூழவுள்ள மலைகளிலே தேயிலை இன்றும் நிற்கின்றது. தோட்டத் தொழிலாளரின் கவ்வாத்துக் கத்தி கைதவறி உள்ளங்கையிலோ விரலடியிலோ பாயுமாயின், தோலின் புண் சில வாரங்களில் ஆறிவிடும்; விரலோ மடங்க மறுக்கும். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற நாண் உள்ளே அறுந்து, அதன் மேல்முனை தசையின் இழுப்பினாற் பின்வாங்கிவிடுவதே இதற்குக் காரணம். விலகிய முனைகள் தாமாக வந்து பொருந்துவதில்லை. மடங்காத விரலோடு கத்தி பிடித்தலும் அரிது, நாட்கூலியும் அரிது.

இந்நாணைத் தைப்பதற்கு ஐரோப்பிய மருத்துவர் நெடுங்காலம் அஞ்சினர். அவ்வச்சத்தின் வேர் ஒரு சொல்லிலே கிடந்தது எனலாம். தமிழில் நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும், தசைநாணையும், யாழின் தந்தியையும் ஒருங்கே குறிக்கும். கிரேக்கரின் நியூரோன் என்னும் சொல்லும் அத்தன்மையதே. வில்லின் நாணுக்கும் அதுவே பெயர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டிற் பெர்கமம் நகரத்து வாட்போர் வீரர்க்கு மருத்துவஞ் செய்த கலனின் நூல்வழியே, நாணில் ஊசி குத்தினால் வலிப்பு உண்டாகும் என்னும் கொள்கை பரவிற்று. கலன் தாமே சில நாண்களைத் தைத்தார் என்பாரும் உளர்; எனினும் பின்வந்தோர் பற்றிக்கொண்டது அச்சத்தையே. பதினோராம் நூற்றாண்டில் அவிசென்னா தைத்தலை ஆதரித்தும் அது முற்றும் நீங்கவில்லை. 1752 ஆம் ஆண்டிற் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து ஆல்பிரெக்ட் வொன் ஹாலர், விலங்குகளின் நாண்களைக் குத்தியும் வெட்டியும் சோதித்து, அவற்றுக்கு உணர்ச்சியில்லை என அறிவித்தபின்னரே ஐயம் தளர்ந்தது. நாண் முழுதும் உணர்ச்சியற்றதன்று என இன்று அறிவோம்; ஆயினும் அவர் கூற்று ஊசிக்கு வழிவிட்டது.

நம் நாட்டு ஆயுர்வேதம் இதனைக் கண்ட முறை வேறு. நாண்களையும் பிற கட்டுக்களையும் ஸ்நாயு என ஒருங்கே அழைத்த சுசுருத சங்கிதை, உடலில் அவை 900 எனக் கணக்கிட்டது. பலகைகள் கயிற்றாற் பிணிக்கப்பட்ட தோணி நீரிற் பாரம் சுமப்பதுபோல உடலும் ஸ்நாயுக்களாற் பிணிக்கப்பட்டு நிற்கின்றது என்றும், எலும்பு முறிதலினும் ஸ்நாயு சிதைதல் கொடிது என்றும் அந்நூல் கூறும். கண்டிச் சிங்களக் கிராமங்களில் வழங்கும் கெடும் பிந்தும் வைத்தியமும் எண்ணெயிட்டு, பற்றுப் போட்டு, சிம்பு வைத்துக் கட்டுவது. சுளுக்குக்கும் சிறு கிழிசலுக்கும் அக்கட்டு ஓய்வு தரும். முற்றும் அறுந்த விரல்நாணுக்கு அது போதாது. கட்டு அவிழ்க்கப்படும் நாளில் தைப்பதற்குரிய காலமும் கழிந்திருக்கும்.

மேனாட்டு அறுவை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர் மானிப்பாய் டாக்டர் சாமுவேல் கிறீன். 1847 இல் இலங்கை வந்த அவர் 1867 இல் இரண வைத்தியத்தையும் 1872 இல் மனுஷ அங்காதிபாதத்தையும் தமிழில் வெளியிட்டார். அதே 1872 இலேதான் கோப்பி மாவட்டங்களின் மருத்துவத் தேவைக்கென 14 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. தமிழ் நூல் வடக்கே அச்சாக, தமிழ்த் தொழிலாளி மலையிலே காயமுற்றான் என்பது எண்ணத்தக்கது.

தைத்தலோடு இடர் தீர்ந்ததில்லை. விரலை மடக்கும் நாண் குறுகிய உறையினுள்ளே வழுக்கி ஓடுவது. தைத்து அசையாது கட்டினால் அது உறையோடு ஒட்டிக்கொள்ளும். விரைந்து அசைத்தாலோ தையல் அறும். ஆதலால் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டேர்லிங் பனல், உள்ளங்கையின் கீழ்மடிப்புக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை எவர்க்கும் உரித்தாகா நிலம் என்றார். அங்கே தோலை மட்டும் மூடி, பின்னொருநாள் வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுதலே மேல் என்பது அக்கால வழக்கு. 1967 இல் லூயிவில் நகரத்து ஹறோல்ட் கிளைனேட் குழுவினர் இதனை மாற்றிக் காட்டினர். அவர்கள் அறுந்த நாணை உடனே தைத்து, விரல்நுனியை இறப்பர் நாடாவால் மணிக்கட்டோடு பிணைத்தனர். நோயாளி விரலை நீட்டுவான். நாடா அதனை மடக்கும். நாண் அசையும், தையல் இழுபடாது. அறுவையினும் இவ்வெளிய நாடாவே பெரிய கண்டுபிடிப்பு எனல் மிகையாகாது.

குதிநாண் அறுந்தோர்க்கு வழி சிறிது வேறு. நோர்வேயில் 526 பேரை ஆராய்ந்து 2022 இல் வெளியான முடிவின்படி, தைத்தவரும் தைக்காது காப்பணி அணிந்து படிப்படியாக நடந்தவரும் ஓராண்டின் பின் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆயினும் மறுபடி அறுதல் தைக்காதாரிடம் நூற்றுக்கு 6 அளவாகவும், தைத்தாரிடம் ஒன்றினும் குறைவாகவும் இருந்தது. விரல்நாணுக்கு இத்தெரிவு இல்லை. முதல் இருவாரத்துள் தைத்தல் வேண்டும். பிந்தினால் தசை சுருங்கிவிடும்.

திகனவிலிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலை பேருந்திற் செல்லும் தொலைவே. தைத்த நாண் வலுவடைந்து கனத்த வேலையைத் தாங்க ஏறத்தாழ 12 வாரங்கள் செல்லும். அதுவரை கவ்வாத்துக் கத்தியைத் தொடலாகாது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு ஈடு கோர 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வழி செய்துள்ளது. ஆனால் வெளிப்புண் ஆறியதும் வேலைக்குத் திரும்புபவனின் கையிலே, தையல் இன்னும் இளகியபடியே இருக்கும்.