நீலப் பழம் காய்க்கும் ஹைட்ரேஞ்சியாவும் ஒரு காய்ச்சலின் கதையும்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்கள் ஹைட்ரேஞ்சியாவைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. பெயர் தெரியாமல் இருக்கலாம். பங்களா வாசல்களில் பந்து பந்தாக நீலத்திலோ ரோஸிலோ பூத்து நிற்குமே, அதுதான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறினால் பூ நீலம்; சுண்ணாம்புத் தன்மை உள்ள மண்ணில் ரோஸ். அதன் பூர்வீகம் ஜப்பான். இங்கே நான் சொல்லப் போவது அதன் ஒன்றுவிட்ட தங்கையைப் பற்றி. அவள் நம் இமயமலைக் காட்டுக்காரி.

நான் இப்போது வேலை பார்ப்பது கலிம்போங்கில். எங்கள் குடியிருப்பின் பின்சரிவில் யாரும் நடாமல் தானே வளர்ந்த ஒரு புதர் உண்டு. கோடையில் வெளிர்நீலப் பூ. மழைக்காலம் முடியும்போது பட்டாணி அளவில் பளபளவென்று கருநீலப் பழங்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அந்தப் பழத்தின் மேல் ஒரு கண். "முதல்ல அதைப் பிடுங்கிப் போடுங்க" என்றார் மனைவி. என்ன செடி என்று தெரிந்துகொண்டு பிடுங்கலாமே என்றேன். அப்படித்தான் தேடல் ஆரம்பித்தது.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இலைகள் எதிரெதிர் ஜோடியாக, ஓரம் ரம்பப் பல் போல, அச்சு அசல் ஹைட்ரேஞ்சியா இலை. ஆனால் பூங்கொத்தைச் சுற்றி அகலமான மலட்டுப் பூக்கள் கிடையாது. எல்லாமே சின்ன, தடித்த இதழ்கள். மலர்ந்ததும் பின்னால் மடங்கிக்கொள்ளும். முக்கியமான வித்தியாசம் காயில். ஹைட்ரேஞ்சியா என்றால் கிரேக்கத்தில் நீர்க்குடம் என்று பொருள். உலர்ந்த காய் குட்டிக் குடம் மாதிரி இருப்பதால் வந்த பெயர். இதற்கோ சதைப்பற்றுள்ள பழம்.

தோட்ட வேலைக்கு வரும் நேபாளி அக்கா இதை 'பாசக்' என்றார். காய்ச்சலுக்கு வேர் நல்லதாம். வங்காளிகளிடம் பாசக் என்றால் நம் ஆடாதோடை! பெயரை மட்டும் நம்பி மருந்து அரைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தாவர நூல்களில் இது டைக்ரோவா ஃபெப்ரிஃபியூகா. 1790-ல் போர்ச்சுகீசியப் பாதிரியார் லூரேரோ, இன்றைய வியட்நாம் பகுதிச் செடிகளைப் பற்றி எழுதிய நூலில் வைத்த பெயர். 'ஃபெப்ரிஃபியூகா' என்றால் காய்ச்சலை விரட்டுவது. பிறகு கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் வாலிக், நேபாளத்துச் செடிக்கு 'அடாமியா' என்று 1826-ல் பெயர் சூட்டினார். 1823-ல் சில மாதங்கள் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்து, பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்ட ஜான் ஆடமின் ஞாபகார்த்தம். பழைய பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியல் விதி. அதனால் கவர்னர் ஜெனரலின் பெயர் அடிபட்டுப் போனது :-)

'கொய்னா' மாத்திரையை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேரியாவுக்கான குவினைன்தான் அது. அதைத் தரும் சிங்கோனா மரத்தை 1860-களில் ஆங்கிலேய அரசு தென்னமெரிக்காவிலிருந்து தருவித்து, நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கமும், இங்கே டீஸ்டா ஆற்றுக்கு அக்கரையில் மங்பூவிலும் பயிரிட்டது. கடல் கடந்து வந்த மரத்துக்காகக் காடு வெட்டிய அதே டார்ஜிலிங் மலையில், காய்ச்சல் செடி ஒன்று தானாகவே முளைத்துக் கிடந்தது.

சீனர்கள் இதன் வேரை 'சாங்ஷான்' என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாக முறைக்காய்ச்சலுக்குக் கொடுத்து வந்தார்கள். 1942-ல் ஜாவா ஜப்பான் வசம் போனதும் உலகத்தின் குவினைன் வரத்து ஏறக்குறைய நின்றது. அப்போது விஞ்ஞானிகளின் பார்வை இதன் மேல் திரும்பியது. 1940-களிலேயே ஃபெப்ரிஃபியூஜின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் கிருமியை அது நன்றாகவே அடக்கியது. ஆனால் நோயாளிக்குக் கடும் வாந்தி. மருந்தாக அது கரையேறவில்லை. அதன் வழிவந்த ஹாலோஃபியூஜினோன் இன்று கோழிகளின் குடல் நோய்க்குத் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது.

2015-ல் ஒரு பொருத்தம் அமைந்தது. சீன மூலிகை ஒன்றிலிருந்து ஆர்ட்டெமிசினினைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு. அதே ஆண்டில், மரபணு ஆதாரங்களை வைத்து டைக்ரோவாவை ஹைட்ரேஞ்சியாவோடு சேர்த்தார்கள் ஆய்வாளர்கள். 2017-ல் துணை வங்கிகள் ஸ்டேட் வங்கியோடு இணைந்த மாதிரிதான்: செடி அதேதான், பெயர்ப்பலகை மட்டும் ஹைட்ரேஞ்சியா ஃபெப்ரிஃபியூகா.

குளிர்ந்த மலையூர்களில் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் பென்சில் கனத்தில், அரைமுற்றிய தண்டு ஒன்றை இரண்டு மூன்று கணுவோடு வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியில் நிழலில் வையுங்கள். வேர் பிடித்தபின், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நடலாம். ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கடும் பனி கருக்கிவிடும். புளிப்பு மண்ணில் நீலம் நன்றாகத் தெரியும். சென்னை வெயிலில் இது சரிப்படாது.

மனைவி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நோயாளிக்கே வாந்தி வரவைத்த செடியின் பழம் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. ஆகவே ஓர் உடன்படிக்கை: செடி இருக்கும், சுற்றிலும் மூங்கில் வேலி இருக்கும், கைக்கு எட்டும் பழங்களை நான் பறித்துப் புதைத்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைதான், வேர்க் கஷாயம் இல்லை. குவினைனுக்கு வெகுகாலம் முன்பே யாரோ ஒரு மலைக்காரத் தாய் தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு நம்பிய செடி இது. அதை என் கையால் பிடுங்க மனம் வரவில்லை.