இசைத்தட்டுப் பரிந்துரையின் வரலாறு

இசைத்தட்டுப் பரிந்துரை என்பது, ஒருவர் தாம் கேட்டு மகிழ்ந்த ஒலிப்பதிவைப் பிற இசை விரும்பிகளுக்கு எடுத்துச் சொல்லும் வழக்கமாகும். வீட்டில் தரமான ஒலிக்கருவிகளை அமைத்து இசை கேட்கும் ஹைஃபை ஆர்வலர்களிடையே இது இன்றும் உயிரோடு இருக்கிறது. இதன் வேர்கள் ஹைஃபை என்ற சொல் பரவுவதற்கு முந்தியவை. இதழ்கள், சந்தா சங்கங்கள், தேநீர்க்கடைகள், வழிகாட்டி நூல்கள் எனப் பல வடிவங்களில் இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ளது. எந்த இசை பதிவு செய்யப்பட வேண்டும், எந்தப் பழைய பதிவு மறுபடி வெளிவர வேண்டும் என்பதைப் பல சமயங்களில் இப்பரிந்துரைகளே முடிவு செய்தன. ‘எது நல்ல இசை?’ என்று தொடங்கிய கேள்வி ‘எது நல்ல ஒலி?’ என்று மாறியதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

பரிந்துரை தேவைப்பட்ட காரணம்

எடிசன் 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். எமில் பெர்லினர் 1887 இல் தட்டை வடிவ இசைத்தட்டுக்கு வழிகோலினார். அடுத்த அறுபது ஆண்டுகள் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளிலேயே விற்கப்பட்டது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு முதல் ஐந்து நிமிட இசையே அடங்கும். அரை மணி நேர சிம்பொனி ஒன்றைக் கேட்க நான்கு தட்டுகள் வேண்டும். ஏழெட்டு முறை எழுந்து பக்கம் மாற்றவும் வேண்டும். தட்டுகள் விலை மிகுந்தவை, எளிதில் உடைபவை. கடைக்காரர் ஓரிரு பக்கங்களைப் போட்டுக் காட்டலாமே தவிர, முழுவதையும் கேட்டுப் பார்த்து வாங்குவது எளிதன்று. எனவே, தமக்கு முன்னே அதை முழுவதும் கேட்ட ஒருவரின் சொல் வாங்குபவருக்குப் பணத்தைப் போலவே மதிப்புடையதாயிற்று.

‘தி கிராமபோன்’ இதழ்

இத்தேவையை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் காம்ப்டன் மெக்கன்சி. அவர் இசைக்கலைஞர் அல்லர், நாவலாசிரியர். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஹெர்ம் என்னும் சிறு தீவைக் குத்தகைக்கு எடுத்து வாழ்ந்த காலத்தில் இசைத்தட்டுகளில் ஆழ்ந்தார். 1923 ஏப்ரலில் ‘தி கிராமபோன்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அவருடைய மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோன் இலண்டனில் இருந்து அதைக் கவனித்துக்கொண்டார். இதே ஸ்டோன் 1927 முதல் பிபிசி வானொலியில் இசைத்தட்டுகளைத் தேர்ந்து, அவற்றைப் பற்றி இயல்பாகப் பேசி ஒலிபரப்பினார். வானொலியில் இசைத்தட்டு தொகுத்து வழங்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

இதழில் புதிய தட்டுகளின் மதிப்புரைகளுடன் வாசகர் கடிதங்களும் இடம்பெற்றன. ஊர்தோறும் கிராமபோன் சங்கங்களும் தோன்றின. உறுப்பினர் ஒருவர் தம் தட்டுகளுள் சிலவற்றை எடுத்து வந்து, ஏன் இவை தமக்குப் பிடிக்கும் என்று சொல்லி, அவையினருக்குப் போட்டுக் காட்டுவது இச்சங்கங்களின் வழக்கம். பிரிட்டனில் இத்தகைய சங்கங்களுக்கான தேசியக் கூட்டமைப்பு 1936 இல் உருவானது.

சந்தா சங்கங்கள்: கேட்பவர் பதிவு செய்வித்த இசை

பரிந்துரை என்பது உள்ளதில் ஒன்றைச் சுட்டுவது மட்டுமன்று. இல்லாத ஒன்றை உண்டாக்கவும் அதனால் முடிந்தது. வணிக நிறுவனங்கள் விற்பனை ஐயத்தால் தயங்கிய சிற்றிசைக் குழு இசையைப் பதிவு செய்வதற்காக, மெக்கன்சி தம் இதழ் வாசகர்களிடம் சந்தா திரட்டித் தேசிய கிராமபோனிக் சங்கத்தை நடத்தினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜான் பார்பிரோலி தம் இளமையில் இச்சங்கத்திற்காக இசைக்குழு நடத்திப் பதிவுகள் செய்தார்.

1931 இல் வால்டர் லெக் என்ற இளைஞர் எச்எம்வி நிறுவனத்தில் இம்முறையை விரிவாக்கினார். ஹூகோ வூல்ஃப் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் பாடல்களைப் பதிவு செய்ய 500 பேர் முன்பணம் கட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. கேட்டிராத ஒன்றுக்கு முன்கூட்டியே பணம் கட்ட அத்தனை பேர் முன்வந்தனர். பியானோ மேதை ஆர்தர் ஷ்நாபெல் நெடுங்காலம் ஒலிப்பதிவையே மறுத்து வந்தவர். அவர் 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்தது இத்தகைய சந்தாச் சங்கத்தின் வழியாகவே. அவை அனைத்தையும் முழுமையாகப் பதிவு செய்த முதல் கலைஞர் அவரே. இன்றளவும் அப்பதிவுகள் பரிந்துரைப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன.

ஜப்பானியத் தேநீர்க்கடைகள்

வூல்ஃப் சங்கத்தின் சந்தாதாரர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஜப்பானில் இருந்தனர். அந்நாட்டில் இசைத்தட்டு ஆர்வம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்று. அங்கு வெளிநாட்டுத் தட்டுகள் சாதாரண வருமானத்துக்கு எட்டாதவை. ஆகவே ‘கிஸ்ஸா’ எனப்படும் தேநீர்க்கடைகள் பொது நூலகம் போலச் செயல்பட்டன. தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ‘லயன்’ என்ற மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கடை 1926 இல் தொடங்கியது. யோகஹாமாவில் ‘சிகுசா’ என்ற ஜாஸ் கடை 1933 இல் தொடங்கியது. ஒரு கோப்பை காப்பியின் விலையில் மணிக்கணக்காக இசை கேட்கலாம். பல கடைகளில் உரக்கப் பேசக் கூடாது. ஒலிக்கும் தட்டின் உறையை எல்லோரும் காணும்படி வைப்பர். பரிந்துரை இங்கே சொல்லாக இல்லை. கடைக்காரர் எடுத்து வைக்கும் அடுத்த தட்டே பரிந்துரை.

ஹைஃபை காலம்: கேள்வி மாறுதல்

இரண்டாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியைப் பிரித்தறியும் பயிற்சிக்காக நுட்பமான ஒலிப்பதிவுகள் செய்யும் பணி டெக்கா நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதில் பெற்ற திறமை போருக்குப் பின் இசைத்தட்டுகளுக்குப் பயன்பட்டது. 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. 1958 அளவில் ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்கு வந்தன.

இதனால் ஒரே இசைப்படைப்புக்குப் பல பதிவுகள் கிடைத்தன. முன்பு ‘இது கிடைக்குமா?’ என்று கேட்டவர்கள் இப்போது ‘எது சிறந்தது?’ என்று கேட்டனர். புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எப்படி ஒலிக்கின்றன என்று நண்பர்களுக்குக் காட்டவும் தட்டுகள் தேவைப்பட்டன. ஜான் கல்ஷா தயாரிப்பில், ஜியார்ஜ் சோல்டி வியன்னாவில் 1958 இல் நடத்திப் பதிவான வாக்னரின் ‘தாஸ் ரைன்கோல்ட்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வாக்னர் எழுதியபடியே 18 பட்டறைக் கற்களை அடித்துப் பதிவு செய்தனர். இறுதியில் வரும் இடி முழக்கத்தைப் போட்டு ஸ்பீக்கர்களைச் சோதிக்காத ஹைஃபை வீடு அன்று அரிது எனலாம்.

நட்சத்திரமும் ரோஜாப்பூவும்

பதிவுகள் பெருகவே வழிகாட்டி நூல்கள் வந்தன. பிரிட்டனில் 1951 இல் ‘தி ரெக்கார்டு கைடு’ வெளியானது. ஐவன் மார்ச் என்பவர் பிளாக்பூல் நகரில் எல்பி தட்டுகளை அஞ்சலில் இரவல் தரும் நூலகம் நடத்தி வந்தார். அவரும் எட்வர்டு கிரீன்ஃபீல்டு முதலியோரும் 1960 முதல் வழிகாட்டி நூல்கள் எழுதினர். 1975 முதல் இவை பெங்குயின் பதிப்பாக உலகெங்கும் பரவின. சிறந்த பதிவுக்கு மூன்று நட்சத்திரம் என்பது முறை. அதற்கு மேல் ரோஜா வடிவக் குறி ஒன்றும் உண்டு. மதிப்பெண் கணக்குக்கு உட்படாமல், எழுதியவரின் மனத்தைத் தனிப்பட்ட முறையில் தொட்ட பதிவுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. அளவுகோலும் அன்பும் வேறு வேறு என்பதை இவ்வாசிரியர்கள் மறைக்கவில்லை.

பிபிசி வானொலியின் ‘ரெக்கார்டு ரிவ்யூ’ நிகழ்ச்சி 1957 இல் தொடங்கியது. ஒரு படைப்பின் பல பதிவுகளின் பகுதிகளை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘பில்டிங் எ லைப்ரரி’ பகுதி அதன் சிறப்பு. முடிவை மட்டும் சொல்லாமல், முடிவுக்கு வந்த வழியையும் காதால் கேட்கச் செய்தது இம்முறை.

அமெரிக்கப் பட்டியல்களும் அவற்றின் விளைவும்

அமெரிக்காவில் ஜே. கார்டன் ஹோல்ட் 1962 இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழையும், ஹாரி பியர்சன் 1973 இல் ‘தி ஆப்சலூட் சவுண்ட்’ இதழையும் தொடங்கினர். உண்மையான அரங்கில் ஒலிபெருக்கியின்றி இசைக்கருவிகள் எழுப்பும் ஒலியே உரைகல் என்பது பியர்சனின் கொள்கை. அவ்வுரைகல்லில் தேறிய தட்டுகளை அவர் பட்டியலிட்டார். ஆர்சிஏ, மெர்க்குரி நிறுவனங்கள் 1950களிலும் 1960களிலும் வெளியிட்ட தட்டுகள் அதில் நிறைய இருந்தன. பழைய தட்டுக்கடைகளில் அவற்றின் விலை ஏறியது. பின்னர் அவை மறுபதிப்பாகவும் வெளிவந்தன. மெர்க்குரி பதிவுகளை முதலில் தயாரித்த வில்மா கோசார்ட் ஃபைன் அம்மையாரே 1990களில் மூல நாடாக்களிலிருந்து அவற்றைக் குறுந்தகடுகளாக்கும் பணியை நடத்தினார். ரசிகர்கள் அப்பழைய தட்டுகளை மறக்கவிடாததும் இதற்கு ஒரு காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒலியின் அழகுக்காக மட்டும் தேர்ந்த சில தட்டுகளே கண்காட்சிகளிலும் கடைகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தன. ஸ்டாக்ஹோமில் முன்பு அடகுக்கடையாக இருந்த ‘ஸ்டாம்பன்’ என்ற விடுதியில் 1976 இல் பதிவான ‘ஜாஸ் அட் தி பான்ஷாப்’ அத்தகையது. கண்ணாடிக் குவளைகளின் ஓசையும் அறையின் வெளியும் அதில் நேரில் இருப்பதுபோலக் கேட்கும். இனிய இசைதான், ஆயினும் ஜாஸ் வரலாற்றின் தலைசிறந்த பதிவுகள் பல இதற்குப் பின்னால் தள்ளப்பட்டன. ஒலிப்பதிவு சிறக்கச் சிறக்க இசைப்பு சுமாராகவே அமைகிறது என்று ஹோல்ட் அலுத்துக்கொண்டார். ஹைஃபை வட்டாரத்தில் அது ‘ஹோல்ட் விதி’ என்றே வழங்குகிறது.

விதிக்கு விலக்கு

இவ்விதியைப் பொய்யாக்கிய பதிவுகளுள் ஒன்றுக்கு நம் பகுதியோடு தொடர்புண்டு. இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் கலிஃபோர்னியாவில் ‘வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். 1992 செப்டம்பரில் மோகன வீணைக் கலைஞர் விசுவ மோகன் பட்டையும் அமெரிக்க கித்தார் கலைஞர் ரை கூடரையும் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் சேர்ந்து வாசிக்கச் செய்தார். இருவரும் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தனர். அலன் புளூம்லைன் 1930களில் வகுத்த இரட்டை ஒலிவாங்கி முறையில், வால்வுக் கருவிகளின் துணையுடன் பதிவு நடந்தது. ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற அத்தொகுப்பு 1994 இல் கிராமி விருது பெற்றது. ஒலிக்காக அதை வாங்கிய பலர் இந்துஸ்தானி இசைக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான்.

எம்பி3 வரை

பரிந்துரை ஒன்று தொழில்நுட்பத்தையே செதுக்கிய கதையும் உண்டு. ஜெர்மனியில் எம்பி3 ஒலிச்சுருக்க முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், ஸ்பீக்கர்களைச் சோதிக்கச் சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பயன்படுவதாக ஹைஃபை இதழ் ஒன்றில் படித்தார். வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும் ஒலிக்கும் 1987 ஆம் ஆண்டுப் பாடல் அது. அவருடைய முறையில் அக்குரல் முதலில் சிதைந்து ஒலித்தது. அது சீராகும்வரை அவர் தம் முறையைத் திருத்தினார். ஒரு ரசிகரின் பரிந்துரை இவ்வாறு கோடிக்கணக்கானோர் கேட்கும் இசைக்கோப்பின் உரைகல் ஆனது.

இன்றைய நிலை

இன்று பெரும்பாலான பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பணம் தடையாக இருந்த இடத்தில் இப்போது நேரம் தடையாக இருக்கிறது. அடுத்த பாடலைக் கணினி நிரலே எடுத்துத் தருகிறது; ஆனால் ஏன் என்று அது சொல்வதில்லை. மேலே கண்ட வரலாற்றில் நிலைத்த பரிந்துரைகள் அனைத்திலும் மூன்று செய்திகள் இருந்தன: எந்தக் கலைஞர், எந்த ஆண்டு, எந்தப் பதிவு என்ற தெளிவு, அதில் எந்த இடத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு, அது தமக்கு ஏன் பிடித்தது என்ற ஒப்புதல். இம்மூன்றையும் எழுதித் தரும் மாணவர் ஒருவர், நூறு ஆண்டுகளுக்கு முன் தட்டுகளைக் கூடையில் சுமந்து சங்கத்துக்குச் சென்றவர் செய்த அதே பணியையே செய்கிறார்.