முதலைக்குப் படைத்த பணியாரம்

அடைத்து வளர்க்கும் முதலைக்கு எதை உண்ணக் கொடுப்பது என்ற கேள்வி மிகப் பழையது. நமது புறநானூற்றின் 37ஆம் பாட்டில் கோட்டை அகழி முதலைகள் வருகின்றன. யாமக் காவலரின் விளக்கு நிழலைக்கூட அவை பாய்ந்து கவ்வுமாம். அவற்றுக்கு இரை போட்டார்களா, போட்டால் என்ன போட்டார்கள் என்பதைப் புலவர் சொல்லவில்லை. நிழலைக் கவ்வும் அளவுக்குப் பசி என்று வேண்டுமானால் நாம் ஊகித்துக்கொள்ளலாம். இதைச் சற்று விரிவாகச் சொல்லும் சான்றுக்கு நாம் எகிப்துக்குத்தான் போகவேண்டும்.

நைல் ஆற்றுக்கு மேற்கே ஃபயூம் என்னும் செழிப்பான நிலப்பகுதி உண்டு. அங்கிருந்த அர்சினோயே நகருக்குக் கிரேக்கர் முன்பு வழங்கிய பெயர் குரோக்கடைலோபோலிஸ். முதலையூர் என்று தமிழாக்கலாம். சோபெக் என்ற முதலைத் தெய்வத்தின் ஊர் அது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெரடோட்டஸ் இப்பகுதியில் ஒரு முதலையைப் பழக்கி, காதணியும் முன்னங்கால் வளையமும் பூட்டி, அதற்கென வகுத்த உணவைக் கொடுத்து வளர்த்ததை எழுதியிருக்கிறார். எலிஃபண்டைன் பகுதி மக்களோ முதலையையே உணவாக்கிக்கொண்டனர் என்பதையும் அவரே சொல்கிறார்!

ஆனால் இலையில் என்ன இருந்தது என்று சொன்னவர் ஸ்ட்ராபோ. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த இந்த நிலவியல் அறிஞர் தம் நூலின் 17ஆம் பகுதியில் அக்காட்சியை வரைந்திருக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் விருந்தினரை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறார். கையில் ஒரு சிறு பணியாரம், வாட்டிய இறைச்சி, தேன் கலந்த பானம் நிறைந்த குடுவை. கரையில் சூக்கஸ் என்னும் அந்தத் திருமுதலை படுத்திருக்கிறது. பூசாரிகள் அதன் வாயைத் திறக்கிறார்கள். ஒருவர் முதலில் பணியாரத்தையும் பின் இறைச்சியையும் உள்ளே இட்டு, பானத்தை ஊற்றுகிறார். முதலை ஏரியில் பாய்ந்து மறுகரைக்கு விரைகிறது. அதற்குள் இன்னொரு வெளியூரார் காணிக்கையோடு வந்துவிட, பூசாரிகள் அதை வாங்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடி, முதலையைப் பிடித்து மறுபடியும் ஊட்டுகிறார்கள்.

இந்த ஓட்டத்தில்தான் நம் கண் நிற்கிறது. அவ்வுணவு வந்தவரின் மனநிறைவுக்காக இடப்பட்டது. முதலையின் பசியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கி.மு. 112இல் லூசியஸ் மெம்மியஸ் என்ற ரோமானியச் செனட்டர் வருவதையொட்டி ஃபயூம் அதிகாரிகளுக்குச் சென்ற கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. தங்குமிடம், பரிசுகள் இவற்றோடு பெட்டேசூக்கோஸ் தெய்வத்துக்கும் முதலைகளுக்கும் இடவேண்டிய வழக்கமான தின்பண்டத்தையும் ஆயத்தமாக வைக்கச் சொல்கிறது அது. கிடைத்த விதம் இன்னும் சுவையானது. கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1900இல் டெப்டுனிஸில் அகழ்ந்தபோது மனித மம்மிகளை எதிர்பார்த்த இடத்தில் முதலை மம்மிகளே வந்துகொண்டிருந்தன. சலித்துப்போன தொழிலாளி ஒருவர் ஒன்றை உடைக்க, உள்ளே பழைய பாப்பிரஸ் ஏடுகள்! முதலைத் தின்பண்டத்துக்கான கடிதம் முதலையின் உடலைப் பொதியவே பயன்பட்டிருந்தது.

இனி முதலையின் பக்கம் வருவோம். எலும்பு நீக்கிய இறைச்சியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் தாடையும் முதுகெலும்பும் வளைந்துவிடும். ஆகவே எலும்போடு கூடிய முழு இரையே சிறந்தது. சிலவகை மீன்களை மட்டுமே நெடுநாள் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி தயாமின் என்ற உயிர்ச்சத்தை அழித்துவிடுகிறது. கரியாலுக்கோ மீனைத் தவிர வேறெதுவும் பெரிதாக ஒத்துவராது. ஒடுங்கிய அந்த மூக்கே அதைச் சொல்லும். உடல் குளிர்ந்திருக்கையில் செரிமானமும் நின்றுபோகும். 1975இல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியபோதும், மறு ஆண்டு சென்னைக்கருகே முதலைப் பண்ணை எழுந்தபோதும், குட்டிகளை வளர்த்தெடுக்க இந்த அறிவு தேவைப்பட்டது.

எனினும் பணியாரம் மறையவில்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்து அனந்தபுரம் ஏரிக்கோயிலில் பபியா என்ற முதலை பல்லாண்டுகள் வாழ்ந்தது. பூசை முடிந்ததும் பிரசாதச் சோறு அதற்கு ஊட்டப்பட்டது. அதனால் ‘சைவ முதலை’ என்று பெயர் பெற்றது. குளத்தில் மீன்களும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. முதலைகள் தாவர உணவைத் தொடுவதே இல்லை என்பதும் சரியன்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, தகவல் திரட்டிய 18 இனங்களில் 13 இனங்கள் பழம் உண்பதற்குச் சான்றுண்டு என்கிறது. ஆயினும் சோற்றால் மட்டும் ஒரு முதலை உயிர்வாழும் என்பதை நம்மால் ஏற்கமுடியவில்லை. பக்தர்களின் அன்பை ஐயுறவும் மனம் வரவில்லை. அந்த முதலையை யாரும் அடிக்கவில்லை, தோலுக்காக விற்கவுமில்லை.

2022 அக்டோபர் 9 அன்று பபியா இறந்தபோது திரளானோர் கூடி அஞ்சலி செலுத்தினர். அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நீரில் இன்னொரு முதலை தென்பட்டது.