ரேடியோ நெல்

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்றதும் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நினைவுக்கு வந்ததோ தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த எங்கள் தாத்தா வீட்டு ரேடியோ.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. 1960களில் ஊர்ப் பொழுது விடிவதும் அடங்குவதும் அதை வைத்துத்தான் என்பார் தாத்தா. காலையில் வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசை, மங்கள இசை, டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. பகலில் மாதர் நிகழ்ச்சி, சினிமாப் பாட்டு. சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. ராத்திரி கச்சேரி, நாடகம்.

அந்தச் சாயங்கால நிகழ்ச்சியில்தான் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றிச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, கேட்டதை நம்பிக் குத்தகை நிலம் முழுக்க அதையே நட்டுவிட்டார். பாட்டி மூணு நாள் பேசவில்லையாம். நெல் விளைந்தது! நம்பியவர் அவர் ஒருத்தர் மட்டுமா? தஞ்சை வட்டாரத்தில் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் விழுந்துவிட்டது.

சிக்னல், நாய்ஸ் எல்லாவற்றுக்கும் நமக்கு வகுப்பில் ஃபார்முலா கொடுத்தார்கள். நம்பிக்கைக்குக் கொடுக்கவில்லை. தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எதைச் செய்தாலும், அதை நம்பி ஒருத்தர் வயலில் இறங்குவார். அதை மட்டும் மறந்துடாதீங்க.