தீர்ப்பும் சட்டமும்: வெர்மொன்ற் மாநிலத்தில் ஒருபாலிணையர் உரிமை

ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி அமைப்பில் விவாகம், விவாகரத்து, தத்தெடுப்பு முதலிய குடும்ப விடயங்கள் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்டவை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைந்து வாழும் குடும்பங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கோரிய இயக்கம், நாட்டின் தலைநகரை விடுத்து மாநிலத் தலைநகர்களை நாடியமைக்கு இதுவே முதற் காரணமாகும். பிறிதொரு காரணமும் உண்டு. மினசோற்றா மாநிலத்தில் விவாக அனுமதிப் பத்திரம் மறுக்கப்பட்ட ஆடவர் இருவரின் மேன்முறையீட்டை, சமஷ்டி யாப்புச் சார்ந்த முக்கிய வினா எதுவும் அதில் இல்லையெனக் கூறி 1972இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவ்வாயில் அடைபடவே மாநில யாப்புகளே எஞ்சிய வழியாயின. அவ்வழியிற் சென்றோர் கண்ட வெற்றி தோல்விகளின் காரணங்களை ஹவாய், வெர்மொன்ற் ஆகிய இரு மாநிலங்களின் வரலாறுகளை ஒப்புநோக்கி அறியலாம்.

ஹவாயில் 1990 டிசெம்பரில் மூன்று இணையர் விவாக அனுமதிப் பத்திரம் கோரி மறுக்கப்பட்டு வழக்குத் தொடுத்தனர். பால் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட இம்மறுப்பு, தகுந்த காரணம் காட்டப்பட்டாலன்றி மாநில யாப்பின் சமத்துவ ஏற்பாட்டுக்கு முரணாகும் என 1993இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. 1996இல் விசாரணை நீதிமன்றம், அத்தகைய காரணத்தை அரசு காட்டவில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு நடைமுறைக்கு வருமுன்னரே எதிர்ப்பு நாடெங்கும் திரண்டது. அதே ஆண்டிற் சனாதிபதி கிளின்ரன் ஒப்பமிட்ட சமஷ்டிச் சட்டம், விவாகம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவே என வரையறுத்தது. 1998 நவம்பரில் ஹவாய் வாக்காளரிற் பெரும்பான்மையினர், விவாகத்தை எதிர்ப்பாலினருக்கே உரியதாக்கும் அதிகாரத்தைச் சட்டசபைக்கு அளிக்கும் யாப்புத் திருத்தத்தை ஏற்றனர். நீதிமன்றம் திறந்த கதவை வாக்குச்சாவடி மூடியது.

வெர்மொன்ற் வேறு வகையான களமாகும். ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்களைக் கொண்ட இச்சிறு மாநிலம், வளர்ந்தோரை அடிமைகளாக வைத்திருத்தலை 1777ஆம் ஆண்டு யாப்பிலேயே விலக்கியது. அரசு என்பது மக்கள் அனைவரின் பொது நன்மைக்காக அமைந்ததேயன்றித் தனியொரு குடும்பத்தினதோ குழுவினதோ நலனுக்காக அமைந்ததன்று என்னும் ஏற்பாடும் அதே யாப்பில் இடம்பெற்றிருந்தது. பாலியல் நாட்டம் காரணமாகப் பாகுபாடு காட்டுதலை 1992இல் மாநிலச் சட்டம் தடை செய்தது. 1993இல் மாநில உயர் நீதிமன்றம், பெண் இணையருள் ஒருவர் மற்றவரின் பிள்ளைகளைத் தத்தெடுக்கலாம் என ஏற்றது. பின்னர் சட்டசபையும் அதனைச் சட்டமாக்கியது.

இப்பின்னணியிற் சட்டத்தரணிகளான பெத் றொபின்சன், சூசன் மறே ஆகியோர் உடனடியாக நீதிமன்றப் படியேறவில்லை. 1995இல் உருவான விவாக உரிமைச் செயற்குழுவின் தொண்டர்கள் மாவட்டச் சந்தைகளிலும் தேவாலயக் கூட்டங்களிலும் அயலவருடன் பேசி வந்தனர். ஒருபாலிணையர் எங்கோ வாழும் விசித்திர மாந்தரல்லர், அடுத்த வீட்டில் வரி செலுத்திப் பிள்ளை வளர்ப்போரே என்பதை உணர்த்துவதே அவர்களின் நோக்கமாயிருந்தது. மேரி பொனோற்றோ என்னும் சட்டத்தரணியும் இணைந்துகொள்ள, மூன்று இணையர் சார்பில் 1997 யூலையில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

1999 டிசெம்பர் 20ஆம் திகதி பிரதம நீதியரசர் ஜெஃப்ரி அமெஸ்ரோய் தீர்ப்பை எழுதினார். விவாகம் பிள்ளைப்பேற்றுடன் தொடர்புடையது என அரசு வாதிட்டது. ஒருபாலிணையர் பிள்ளைகளைத் தத்தெடுப்பதைச் சட்டசபையே ஏற்றிருக்க, அவ்வாதம் நிலைக்காது என நீதிமன்றம் கண்டது. விவாகத்தாற் கிடைக்கும் நன்மைகளும் பாதுகாப்புகளும் அவர்களுக்கும் உரியன. எனினும் அவற்றை விவாகமாகவோ வேறொரு சட்டவடிவமாகவோ வழங்கும் முறையைச் சட்டசபையே தீர்மானிக்க வேண்டும் என்றது. அனுமதிப் பத்திரங்களை உடனே வழங்கும்படி கட்டளையிட்டிருக்க வேண்டும் என்று நீதியரசர் டெனிஸ் ஜோன்சன் மாறுபட்டு எழுதினார். உரிமையுண்டு என்று கூறிவிட்டுப் பரிகாரத்தை ஒத்திவைத்தல் தகுமா என்னும் அவரது வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

பொறுப்பு மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு மாறியது. பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவுக்குத் தலைவராயிருந்த தோமஸ் லிற்றில் குடியரசுக் கட்சியினர். உபதலைவரான வில்லியம் லிப்பேர்ட், தாம் ஒருபால் நாட்டமுடையவர் என்பதை வெளிப்படையாகக் கூறியிருந்த ஒரே உறுப்பினராவார். மொன்பெலியர் நகரில் நடைபெற்ற பகிரங்க விசாரணைகளில் இரு தரப்பினரும் பெருந்திரளாகக் கூடிச் சாட்சியமளித்தனர். 2000 மார்ச்சில் நடைபெற்ற ஊர்க்கூட்டங்கள் பலவற்றில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. அம்மாதத்திலேயே பிரதிநிதிகள் சபை, ‘குடியியல் இணைவு’ என்னும் புதிய சட்டநிலையை 76க்கு 69 என்னும் வாக்குகளால் ஏற்றது. ஏப்பிரலில் செனற் சபை 19க்கு 11 என்னும் வாக்குகளால் உடன்பட்டது. ஆளுநர் ஹவார்ட் டீன் ஏப்பிரல் 26ஆம் திகதி பகிரங்க வைபவமெதுவுமின்றி அதில் ஒப்பமிட்டார். வாரிசுரிமை, மருத்துவமனையில் நோயுற்ற துணையின் சார்பில் முடிவெடுத்தல் முதலாக மாநிலச் சட்டம் தம்பதியருக்கு அளித்த உரிமைகள் யாவும் 2000 யூலை 1 முதல் இவ்விணையருக்கும் உரியவாயின. ‘விவாகம்’ என்ற பெயர் மட்டும் மறுக்கப்பட்டது. சமஷ்டி அரசின் நன்மைகளும் கிட்டவில்லை.

இதற்கான விலையைப் பிரதிநிதிகள் பலர் செலுத்தினர். குடியரசுக் கட்சி உறுப்பினரான மரியன் மில்ன், சட்டத்தை ஆதரித்தமையால் தம் கட்சியின் முன்தேர்தலிலேயே தோல்வியுற்றார். ‘வெர்மொன்றை மீட்போம்’ என்னும் பலகைகள் கிராமந்தோறும் எழுந்தன. நவம்பர்த் தேர்தலில் ஆதரவாளர் பலர் ஆசனமிழக்க, பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் வசமாயிற்று. ஆளுநர் டீன் அரைவாசிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுடனேயே மீண்டார். எனினும் செனற் சபையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை நீடித்ததால் சட்டம் நிலைத்தது. எதிர்ப்பாளர் அஞ்சிய குடும்பச் சீர்குலைவு எதுவும் நிகழாமையை மக்கள் தம் கண்ணாற் கண்டனர்.

ஒன்பது ஆண்டுகளின் பின் நிலைமை மாறியது. அயல் மாநிலமான மசாசுசெற்ஸ், 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 2004 மே மாதத்திலிருந்து முழு விவாக உரிமையை வழங்கியிருந்தது. தனிப்பெயரில் வழங்கப்படும் சமத்துவம் முழுச் சமத்துவமாகுமா என்னும் வினா வெர்மொன்றிலும் வலுப்பெற்றது. 2007இல் அமைந்த ஆணைக்குழுவுக்கு முன்னைய லிற்றிலே தலைமை தாங்கி மக்கள் கருத்தைக் கேட்டறிந்தார். 2009இற் சட்டசபை விவாகச் சட்டத்தை நிறைவேற்றியது; ஆளுநர் ஜிம் டக்ளஸ் அதனை நிராகரித்தார். மறுநாள், ஏப்பிரல் 7ஆம் திகதி, செனற் சபை 23க்கு 5 எனவும், பிரதிநிதிகள் சபை 100க்கு 49 எனவும் வாக்களித்து அந்நிராகரிப்பை முறியடித்தன. நீதிமன்றக் கட்டளையின்றிச் சட்டசபை மூலம் விவாக உரிமையளித்த முதல் மாநிலம் வெர்மொன்றே.

2015இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இவ்வுரிமையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. ஹவாயும் 2013இல் விவாகச் சட்டத்தை நிறைவேற்றி, 1998ஆம் ஆண்டின் யாப்புத் திருத்தத்தை 2024இல் வாக்காளராலேயே நீக்கிக்கொண்டது. அங்கு தீர்ப்பு மக்கள் மனத்தை முந்திச் சென்றது. வெர்மொன்றிலோ தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அயலவரிடையே உரையாடல் நிகழ்ந்தது. ஆயினும் பொறுமையை மட்டும் போற்றி அமைதல் பொருந்தாது. 2000க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்தில் தம் துணையை இழந்தவர்களுக்கு முழுச் சமத்துவம் காலங்கடந்தே வந்தது. இணக்கத்தின் பயனை ஆராய்வோர், அதற்காகக் காத்திருந்தோரின் இழப்பையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.