நீலம் காட்டிய நிலம்

பத்துமலையின் 272 படிகளில் ஏறுவோர்க்கு நீள்வால் குரங்குகள் புதியன அல்ல. மலாய் மொழியில் ‘கெரா’ எனப்படும் இவ்வினத்தை 1821ஆம் ஆண்டில் விவரித்து அறிவியற் பெயர் சூட்டியவர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். அடியார் கையிலுள்ள பழத்தைப் பறித்தோடும் இக்குரங்கும், இதன் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்கும் மனித மூளையை அறியும் ஆய்வுக்குப் பெருந்துணை புரிந்துள்ளன.

நரம்பணுக்கள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கு நொதிகள் இன்றியமையாதவை. சில நொதிகள் செய்திப் பொருளை ஆக்கும். சில அதனைச் சிதைக்கும். எந்நொதி மூளையின் எப்பகுதியில் உறைகிறது என்பதை அறிய, மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்பர். அசெட்டைல்கோலின் என்னும் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியை இவ்வாறு காட்டும் முறை 1949இல் வெளிவந்தது. அமெரிக்காவின் எர்க்கீஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இந்தியர்களான மனோச்சாவும் சாந்தாவும், ரீசஸ் குரங்கின் நரம்பு மண்டலத்தில் நொதிகள் பரவியுள்ள பாங்கை 1970இல் தனி நூலாகவே வெளியிட்டனர்.

ஆயினும், ஒரு நொதி மட்டும் நெடுங்காலம் புதிராகவே நின்றது. 1960களின் தொடக்கத்தில் தாமசும் பியர்சும் ஒருவகைச் சாயக் கரைசலில் மூளைச் சீவல்களை இட்டபோது, ஆங்காங்கே தனித்து நின்ற சில நரம்பணுக்கள் மட்டும் கருநீலமாயின. அந்நிறத்தைத் தோற்றுவித்த நொதிக்கு டயாபொரேசு என்று பெயரிருந்தது. அதன் பணி என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை. எனினும் ஆய்வாளர் ஓயவில்லை. ஹண்டிங்டன் நோயில் பிற அணுக்கள் மடிய, இந்நீல அணுக்கள் பிழைத்திருப்பதை 1985இல் கண்டனர். மறு ஆண்டு, மக்காக்குக் குரங்கின் பார்வைப் புறணியில் அவை அமைந்துள்ள இடங்களைச் சாண்டெல் வரைந்து காட்டினார்.

விடை 1991இல் கிடைத்தது. நரம்பணுக்களில் நீலம் காட்டும் அந்நொதி, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை ஆக்கும் நொதியே என்பதை இரு குழுவினர் தனித்தனியே நிறுவினர். பிற செய்திப் பொருள்களைப்போல் இவ்வாயு பைகளில் சேமிக்கப்படுவதில்லை. உண்டானவுடனே அணுச்சவ்வைக் கடந்து அண்டை அணுக்களை எட்டும். குருதிக் குழாய்களில் இவ்வாயு ஆற்றும் செய்திப் பணியைக் கண்டறிந்ததற்காக 1998இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

பொருள் விளங்கிய அன்றே பழைய வரைபடங்கள் யாவும் உயிர்பெற்றன. நீலம் தீட்டிய இடமெல்லாம் இவ்வாயுச் செய்தி பிறக்கும் இடம் என்றாயிற்று. பயன் தெரியாத வேலை என்று முன்னோர் கைவிட்டிருப்பின், எல்லாவற்றையும் முதலிலிருந்தே தொடங்க நேர்ந்திருக்கும். அவ்வரைபடங்களுக்காக உயிரீந்த குரங்குகளின் இழப்பும் வீணாகியிருக்கும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். இடத்தை அறிந்து, அதன்பின் அங்கு நிகழும் ஒழுக்கத்தை அறிவது தமிழ் மாணவர்க்குப் பழகிய நெறியே. மூளையாய்வும் அவ்வழியே நடந்திருக்கிறது.