கையெழுத்து பாங்காக்கில், கவலை கூடலூரில்

பக்கத்து நாடுகளோடு ஒரே சந்தையாகச் சேரலாமா, வேண்டாமா? சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த மால்டோவாவில் இந்தக் கேள்விக்காக 2024 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதை அரசியலமைப்பில் இலக்காக எழுத, 50 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஆதரவு கிடைத்தது. இந்தியாவிலும் இதற்கு நெருக்கமான கேள்வி எழுந்திருக்கிறது. இங்கே வாக்குச்சீட்டு கிடையாது, ஆனால் விவாதம் நடந்தது. தேயிலையும் காபியும் மிளகும் விளையும் கூடலூர், ஸ்ரீமதுரை பக்கத்து மக்களுக்கு அது வயிற்றுப்பாட்டு விவாதம்.

முதலில் இலங்கை:

இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலை சலுகை வரியில் இந்தியாவுக்குள் வரலாம். இந்தியாவின் உற்பத்தியோ அப்போதே 80 கோடி கிலோவுக்கு மேல். கணக்குப்படி இது 2 சதவீதம்கூட இல்லை. பிறகு ஏன் பயம்?

நேரம் அப்படி. நீலகிரித் தேயிலையைப் பெருமளவு வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991இல் கலைந்துவிட்டது. 1998க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை சரிந்தது. 2001 ஏப்ரல் 1 முதல் பல பொருட்களின் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. விலை விழும் நேரத்தில் வரும் எந்த ஒப்பந்தமும் விவசாயிக்கு எதிரியாகத்தான் தெரியும்.

இதில் ஒரு வேதனையும் உண்டு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலர் கூடலூர் வட்டாரத்தில்தான் குடியமர்ந்தார்கள். அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் (டான்டீ) உருவாயின. தாங்கள் விட்டுவந்த மலைகளின் தேயிலையே இப்போது போட்டிக்கு வந்தது.

அடுத்து ஆசியான்:

2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில், தென்கிழக்கு ஆசியாவின் 10 நாடுகளோடு சரக்கு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழில் துறைக்குப் பெரிய சந்தை திறக்கும் என்றது மத்திய அரசு. வியட்நாம் மிளகும் மலேசியப் பாமாயிலும் வந்து குவியும் என்றது எதிர்த்தரப்பு. 2009 அக்டோபர் 2 அன்று கேரளத்தில் இடது முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தியது. அன்றைய முதல்வர் அச்சுதானந்தனே இந்த எதிர்ப்பின் முன்னணியில் இருந்தார்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. விவசாயம் மாநிலப் பட்டியலில் உள்ளது. வெளிநாட்டு வர்த்தகமோ மத்தியப் பட்டியலில். மிளகு வளர்வது மாநில விஷயம், அதன் இறக்குமதி வரி டெல்லியின் விஷயம். ஒப்பந்தத்துக்கு மாநிலங்களின் சம்மதம் தேவையில்லை.

எதிர்ப்பவர் யார், ஆதரிப்பவர் யார் என்று எளிதாகப் பிரிக்கவும் முடியாது. 2007 முதல் தமிழக ரேஷன் கடைகளில் பாமாயில் விற்கப்படுகிறது. இறக்குமதி மலிவானால் அந்த எண்ணெய் வாங்கும் குடும்பத்துக்கு லாபம். அதே குடும்பத்திடம் நான்கு மிளகுக் கொடி இருந்தால் அதில் நஷ்டம்.

எதிர்ப்பால் என்ன பயன்?

ஒப்பந்தத்தின் வரி அட்டவணையில் பதில் இருக்கிறது. இயற்கை ரப்பர் உட்பட 489 பொருட்கள் வரிக் குறைப்பிலிருந்து விலக்கப்பட்டன. தேயிலைக்கும் காபிக்கும் வரி 100 சதவீதத்திலிருந்து 45 ஆகவும், மிளகுக்கு 70லிருந்து 50 ஆகவும், 2019 இறுதி வரை படிப்படியாகக் குறைக்கவே இந்தியா ஒப்புக்கொண்டது. மற்ற பல பொருட்களைப் போல வரி பூஜ்யமாகவில்லை.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. இலங்கை மிளகுக்கு இதைவிடப் பெரிய வரிச் சலுகை உண்டு. வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் வருவதாக விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

2019 நவம்பர் 4 அன்று, அதே பாங்காக்கில், இன்னும் பெரிய ஆர்.சி.ஈ.பி. கூட்டமைப்பில் சேரப்போவதில்லை என்று பிரதமர் மோடி அறிவித்தார். அதற்கு முன் விவசாயிகளும் பால் உற்பத்தியாளர்களும் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். சேராததால் வந்த லாபமும் நஷ்டமும் இன்றும் விவாதத்தில்தான் உள்ளன. ஆனால் மால்டோவா வாக்காளருக்குக் கிடைத்த அந்த ஒரு சீட்டு ஸ்ரீமதுரை விவசாயிக்கு ஒருமுறையும் கிடைத்ததில்லை. அவர் கருத்து டெல்லி போய்ச் சேர, தெருவில் இறங்குவதுதான் வழியாக இருந்திருக்கிறது.